பதினாறு பூஜ்ஜியங்கள்

சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோட்டை வரைவது புள்ளியியலில் மிக எளிய வேலை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர், வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிப்பது பற்றி 1805-இல் வெளியிட்ட நூலிலேயே அதற்கான வழியைக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும். விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவாக வருகிறதோ அதுவே பொருத்தமான கோடு. பாடநூல்களில் மீச்சிறு வர்க்க முறை என்று படிப்பது இதைத்தான். அன்று கையால் மெனக்கெட்டுச் செய்த கணக்கை இன்று கைப்பேசியே கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. கணக்கு எளிதானதால் அதைச் சூழ்ந்த வேலையும் எளிதாகிவிட்டது என்று நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. எதைக் கணிக்கப் போகிறோம், எந்த அவதானிப்புகளைச் சேர்க்கிறோம், உறவுக்கு என்ன வடிவம் தருகிறோம், கிடைத்த விடையை எவ்வளவு தூரம் நீட்டுகிறோம் என்ற நான்கு முடிவுகளையும் எந்தச் சூத்திரமும் நமக்காக எடுத்துத் தராது. ரிக்ரெஷன் எனப்படும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் ஒரு மாதிரி உண்மையைச் சொல்வதும் ஏமாற்றுவதும் பெரும்பாலும் இந்த நான்கில்தான் தீர்மானமாகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்குச் சான்றாக, 23 வரிகள் மட்டுமே கொண்ட ஒரு சிறிய தரவுத் தொகுப்பை எடுத்துக்கொள்வோம்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் விண்ணோடம் 73 விநாடிகளில் வானில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். விண்ணோடத்தின் இருபுறமும் பொருத்தப்பட்ட பூஸ்டர் ராக்கெட்டுகள் யூட்டா மாநிலத்தில் தயாராகி, துண்டு துண்டாக ரயிலில் வந்து, ஏவுதளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கப்பட்டவை. அப்படி ஏவுதளத்தில் போடப்பட்ட இணைப்புகள் ஒரு பூஸ்டருக்கு மூன்று, இரண்டுக்கும் சேர்த்து ஆறு. உள்ளே எரியும் வாயு வெளியே கசியாமல் ஒவ்வொரு இணைப்பையும் அடைத்துப் பிடிப்பவை ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள். இணைப்பின் சுற்றளவு முழுக்க ஓடும் அந்த வளையத்தின் தடிமன் ஏழு மில்லிமீட்டர்தான். எரிபொருள் தீப்பற்றிய கணத்தில் உள்ளழுத்தத்தால் இணைப்பு சற்றே விரியும். அந்த இடைவெளியை வளையம் உடனே விரிந்து நிரப்ப வேண்டும். குளிரில் ரப்பர் இறுகும், விரிய நேரமெடுக்கும். அன்று வலப்புறப் பூஸ்டரின் கீழ் இணைப்பில் நடந்தது அதுதான்.

முந்தைய நாள் இரவே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், மறுநாள் கடும் குளிர் எதிர்பார்க்கப்படுவதைக் கண்டு, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்று நாசா அதிகாரிகளிடம் தொலைபேசி வழிக் கூட்டத்தில் பரிந்துரைத்தார்கள். அதுவரை நடந்த பயணங்களில் மிகக் குளிரானது அந்த வெப்பநிலையில் நடந்திருந்தது; அதில் வளையங்களைத் தாண்டிச் சூடான வாயு கசிந்திருந்தது. உடனே எதிர்க்கேள்வி வந்தது. 75 டிகிரியில் நடந்த ஒரு பயணத்திலும் வாயு கசிந்திருக்கிறதே, அப்படியானால் குளிர் எப்படிக் காரணமாகும்? அன்று மேசைமேல் இருந்த தரவை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி நியாயமானது. குளிரிலும் கோளாறு, வெப்பத்திலும் கோளாறு என்றால் வெப்பநிலைக்கு இதில் பங்கில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். பொறியாளர்களின் பரிந்துரையை நிறுவனத்தின் நிர்வாகமே மாற்றியது, விண்ணோடம் ஏவப்பட்டது.

விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கை இந்த இடத்தில் இரண்டு வரைபடங்களைத் தருகிறது. முதலாவதில் வளையச் சேதம் ஏற்பட்ட ஏழு பயணங்கள் மட்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வெப்பநிலைகள் 53, 57, 58, 63, 70, 70, 75. மிகக் குளிரான பயணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சேதம், மிக வெப்பமான பயணத்திலும் இரண்டு இடங்களில் சேதம், நடுவில் ஒவ்வொன்று. இரு முனையும் உயர்ந்து நடு தாழ்ந்த இந்தப் புள்ளிகளில் எந்தக் கோட்டைப் பொருத்தினாலும் குளிருக்கு எதிராக ஒன்றும் நிரூபணமாகாது. இரண்டாவது வரைபடத்தில் மீதிப் பயணங்களும் சேர்கின்றன. சேலஞ்சருக்கு முன் நடந்த 24 பயணங்களில் ஒன்றின் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிவிட்டன. மீட்டுப் பார்க்க முடிந்தவை 23. அவற்றில் 16 பயணங்களில் சேதமே இல்லை. அந்தப் பதினாறும் 66 டிகிரியிலோ அதற்கு மேலோ நடந்தவை. படம் தலைகீழாக மாறிவிடுகிறது: 66 டிகிரிக்குக் கீழே நான்கு பயணங்கள், நான்கிலும் சேதம், 66-இலும் அதற்கு மேலும் பத்தொன்பது பயணங்கள், மூன்றில் மட்டும் சேதம். வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஏழு சேதங்களை 23 பயணங்களுக்குள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போட்டால், மிகக் குளிரான நான்கு பயணங்களிலும் சேதம் விழ 253-இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. சூத்திரம் எதுவும் இல்லாமல், எண்ணிப் பார்த்தே கிடைக்கும் விடை இது.

ஏதும் நடக்காத அந்தப் பதினாறு பயணங்களை ஏன் ஒதுக்கத் தோன்றியது? சேதம்தான் பிரச்சினை, ஆகவே சேதத்தைப் பற்றிய தரவைத்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மனித மனத்துக்கு மிக இயல்பானது. மழை நாளில் ஒரு சாலை ஆபத்தானதா என்று அறிய விரும்பும் ஒருவர் விபத்து நடந்த நாள்களின் பதிவேட்டை மட்டும் புரட்டினால், அவற்றில் பாதி வெயில் நாள் என்று கண்டு மழைக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஆண்டில் மழை நாள்கள் எத்தனை, அவற்றில் விபத்தில்லாமல் கழிந்தவை எத்தனை என்ற கணக்கு அவர் கையில் இருக்காது. எதைக் கணிக்க விரும்புகிறோமோ அதன் விளைவைப் பார்த்தே வரிகளைத் தேர்ந்தெடுத்தால், கணிக்க வேண்டிய தகவல் தேர்ந்தெடுப்பிலேயே அழிந்துபோகிறது. சேதமடைந்த பயணங்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது, சேதம் வருமா வராதா என்ற கேள்வி மறைந்து, வந்த சேதம் எவ்வளவு என்ற வேறு கேள்வி அதன் இடத்தில் வந்து அமர்ந்துவிட்டது. அந்த வேறு கேள்விக்குக் கிடைத்த விடையை முதல் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டதுதான் இந்தக் கதையின் மையப் பிழை. பூஜ்ஜியம் என்பது தகவல் இல்லாத இடம் அல்ல. இந்தச் சூழலில் வளையம் தாங்கியது என்று சாட்சி சொல்லும் தகவல் அது.

வரிகள் சரியாகிவிட்டன, அடுத்தது வடிவம். 23 பயணங்களில் சேதம் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று எழுதி, வெப்பநிலைக்கு எதிராக மீச்சிறு வர்க்க முறையில் ஒரு நேர்கோட்டை வரைந்து பார்ப்போம். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் சேதத்தின் நிகழ்தகவு சுமார் 0.037 குறைவதாகக் கோடு காட்டுகிறது. திசை சரிதான். ஆனால் அதே கோடு 81 டிகிரியில் நிகழ்தகவு –0.12 என்கிறது, விபத்து நாளுக்கு ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளும் 31 டிகிரியில் 1.75 என்கிறது. நிகழ்தகவு பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் ஒன்றுக்கு மேலேயும் போக முடியாது. கணினி இதைப் பற்றி எந்த எச்சரிக்கையும் தராது. அது கேட்டதைச் செய்துவிட்டது. தவறு, ஆம்–இல்லை என்ற விடைக்கு, நீளம் எடை போன்ற அளவுகளுக்குரிய வடிவத்தைக் கொடுத்ததில் இருக்கிறது. இதற்கு ஏற்ற வடிவம் லாஜிஸ்டிக் வளைகோடு. அது ஒரு முனையில் ஒன்றையும் மறுமுனையில் பூஜ்ஜியத்தையும் நெருங்கும், இரண்டையும் தாண்டாது. அதே 23 வரிகளுக்கு அதைப் பொருத்தினால், சேதம் வர வாய்ப்பு 75 டிகிரியில் சுமார் 9 சதவீதம், 70-இல் 23 சதவீதம், 65-இல் ஏறத்தாழப் பாதி, 53-இல் 94 சதவீதம், 31 டிகிரியில் 99.9 சதவீதத்துக்கும் மேல்.

கேள்வியைச் சற்றே மாற்றினால் மாதிரியும் மாறும். ஒரு பயணத்தில் ஏதாவது ஓர் இணைப்பில் சேதம் வருமா என்று கேட்பதற்குப் பதில், ஆறு இணைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் சேதம் வர வாய்ப்பென்ன என்று கேட்கலாம். சித்தார்த்த தலால், எட்வர்ட் ஃபவுல்க்ஸ், புரூஸ் ஹோட்லி ஆகிய மூன்று புள்ளியியலாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வழியில் சென்றார்கள். 31 டிகிரியில் ஓர் இணைப்புக்கு 0.82, அதாவது ஆறில் ஏறத்தாழ ஐந்து இணைப்புகளில் சேதத்தை எதிர்பார்க்கலாம் என்று கணக்கு வந்தது. சேதம் வேறு, பேரழிவு வேறு என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. முதல் வளையம் அரிக்கப்பட்டாலும் இரண்டாவது வளையம் தாங்கலாம். அந்தப் படிகளையெல்லாம் தனித்தனியாக மதிப்பிட்டுச் சேர்த்தபோது, இணைப்பு முற்றாகத் தோற்க 31 டிகிரியில் குறைந்தது 13 சதவீத வாய்ப்பு இருந்திருக்கும் என்றும், 60 டிகிரி வரும்வரை காத்திருந்தால் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும் என்றும் கண்டார்கள். இந்த மாதிரிக்கும் ஓர் அனுமானம் உண்டு: ஒரே பயணத்தின் ஆறு இணைப்புகளும் ஒன்றையொன்று சாராமல் நடந்துகொள்கின்றன என்பது. அது முழுக்கச் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெவ்வேறு அனுமானங்களின்மேல் நிற்கும் இரண்டு மாதிரிகள் ஒரே திசையைக் காட்டும்போது, ஒரு மாதிரி மூன்றாவது தசம இலக்கம்வரை துல்லியமாகப் பேசுவதைவிட அந்த ஒற்றுமைக்கே அதிக மதிப்புத் தர வேண்டும்.

வெப்பநிலையை மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறு மாறிகளையும் சேர்த்தால் மாதிரி இன்னும் நன்றாகாதா என்று கேட்கலாம். இணைப்புகள் சரியாக அடைத்திருக்கின்றனவா என்று சோதிக்கச் செலுத்திய காற்றின் அழுத்தம் காலப்போக்கில் கூட்டப்பட்டது. அந்த அழுத்தமே இணைப்பை மூடிய பசையில் துளை போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. காரணம் இருப்பதால் அதைச் சோதிப்பது முறை. மூவரும் சோதித்தார்கள், வெப்பநிலையளவுக்கு அதற்கு விளக்கும் ஆற்றல் இல்லை என்று கண்டார்கள். காரணமில்லாமல், கையில் கிடைத்த மாறிகளையெல்லாம் கொட்டுவது வேறு விஷயம். எந்த மாறியைச் சேர்த்தாலும், அது வெறும் சீரற்ற எண்களாக இருந்தாலும், நேர்கோட்டு மாதிரி கையிலிருக்கும் தரவோடு பொருந்தும் அளவு கூடுமே தவிரக் குறையாது. ஏழே சேதங்கள் உள்ள தொகுப்பில் நான்கைந்து மாறிகளைச் சேர்த்தால், மாதிரி அந்த ஏழு பயணங்களை மனப்பாடம் செய்துவிடும்; எட்டாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பொருத்தத்தின் அளவை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஃபிராங்க் ஆன்ஸ்கம் 1973-இல் தந்த சான்று இன்றும் பாடமாக இருக்கிறது. அவர் அமைத்த நான்கு தரவுத் தொகுப்புகளுக்கும் ஏறத்தாழ ஒரே சராசரி, ஒரே ஒட்டுறவுக் கெழு, ஒரே நேர்கோடு. வரைந்து பார்த்தால் ஒன்றில் நேரான போக்கு, ஒன்றில் வளைவு, மற்ற இரண்டிலும் ஒரே ஒரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. சுருக்க எண்கள் நான்கையும் வேறுபடுத்தவே இல்லை.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தரவு 53 முதல் 81 டிகிரி வரைதான் இருக்கிறது. 31 டிகிரி அதற்கு 22 டிகிரி வெளியே. தரவு இல்லாத இடத்துக்குக் கோட்டை நீட்டும் புறச்செருகல் பாடநூல்கள் எல்லாம் எச்சரிக்கும் செயல், அப்படியிருக்க, 99.9 சதவீதம் என்ற எண்ணை எப்படி நம்புவது? அந்த எண்ணை நம்பத்தான் கூடாது. லாஜிஸ்டிக் மாதிரியின் சொந்த ஐயத்தைக் கணக்கில் எடுத்தால், 31 டிகிரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி பாதிக்குச் சற்றுக் கீழே தொடங்கி ஒன்றுவரை நீள்கிறது. அவ்வளவு அகலமான இடைவெளி, இந்த இடத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்று மாதிரியே சொல்வதற்குச் சமம். ஆனாலும் அந்த இடைவெளியின் மிகக் கீழ் முனைகூடச் சேதத்துக்கு ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பைக் காட்டுகிறது. மாதிரியின் வடிவத்தையே நம்பாதவருக்கும் கணக்குக்கு வெளியே ஓர் ஆதாரம் இருந்தது. 1985-இல் தயோக்கோல் நிறுவனம் நடத்திய சோதனைகளில், அழுத்திப் பிடித்த வளையத்திலிருந்து தட்டை விலக்கியபோது 100 டிகிரியில் வளையம் தட்டோடு தொடர்பை இழக்கவில்லை. 75 டிகிரியில் 2.4 விநாடிகள் இழந்தது. 50 டிகிரியில் பத்து நிமிடம் பொறுத்தும் மீளவில்லை. புறச்செருகலைத் தாங்கிப் பிடிக்கக் கூடியது இத்தகைய பௌதிகக் காரணம்தான். தரவின் எல்லைக்கு வெளியே போகும் கோடு தன்னந்தனியாக நிற்க முடியாது. மேலும், அன்று ஏவுவதற்கு ஒப்புதல் கொடுத்ததும் ஒரு புறச்செருகலே: முன்பு பாதுகாப்பாக இருந்தது 22 டிகிரி கீழேயும் பாதுகாப்பாக இருக்கும் என்ற அனுமானம். அந்த அனுமானத்துக்கு ஒரு வரித் தரவுகூட இல்லை.

இரண்டாவது மறுப்பு தரவின் சிறுமை பற்றியது. 53 டிகிரியில் நடந்த அந்த ஒரு பயணம்தான் எல்லாவற்றையும் இழுக்கிறதோ என்று ஐயுறுவது ஆரோக்கியமானது. ஆன்ஸ்கம் கற்றுத்தந்ததும் அதையே. அந்தப் பயணத்தை நீக்கிவிட்டு எண்ணிப் பார்ப்போம். மிஞ்சிய 22 பயணங்களில் மிகக் குளிரான மூன்றிலும் சேதம். தற்செயலாக அப்படி அமைய 77-இல் ஒரு வாய்ப்பு. முடிவின் பலம் குறைகிறது, திசை மாறவில்லை. மூன்றாவது மறுப்பு இன்னும் மனிதத்தன்மை கொண்டது: விபத்துக்குப் பின் சாவகாசமாக அமர்ந்து கணக்குப் போடுபவர்கள், ஓரிரவில் முடிவெடுக்க வேண்டியிருந்தவர்களைக் குறை சொல்வது நேர்மையா? பொறியாளர்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். தயோக்கோல் பொறியாளர் ரோஜர் போஷோலேயும் அவருடைய சகாக்களும் சரியான பக்கத்தில் நின்றார்கள். 23 பயணங்களின் இணைப்பு வெப்பநிலைகளும் ஒரே தாளில் தொகுக்கப்பட்டு அவர்கள் கையில் இருக்கவில்லை. ஆனால் கருவி இல்லாமல் போகவில்லை. ஆம்–இல்லை விடைகளுக்கான தொடர்புப் போக்கைப் பற்றிப் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1958-இலேயே எழுதிவிட்டார். நெல்டரும் வெடர்பர்னும் 1972-இல் அதை ஒரு பெரிய மாதிரிக் குடும்பத்தின் உறுப்பாகவே ஆக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே படிவத்தில் ஒரு வரி எழுதும் வழக்கம் இருந்திருந்தால், கடைசி இரவில் யாரும் எதையும் தேடியிருக்க வேண்டியதில்லை. குறை அந்த அமைப்பின் பதிவு முறையில் இருந்தது. அது பல ஆண்டுகளாக நீடித்த குறை.

இன்றைய மறுப்பு வேறு விதமானது. நூற்றுக்கணக்கான வடிவங்களைத் தானே சோதித்து, தரவின் ஒரு பகுதியை மறைத்துவைத்துச் சரிபார்த்து, சிறந்ததைத் தேர்ந்தெடுத்துத் தரும் மென்பொருள்கள் இருக்கும்போது மனிதர் ஏன் மாதிரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார்கள். வடிவத்தைத் தேர்வதில் அவை உண்மையிலேயே உதவும். மறைத்துவைத்த தரவால் சரிபார்ப்பது, மனப்பாடம் செய்யும் மாதிரிகளைப் பிடிக்க நமக்குத் தெரிந்த நல்ல வழிகளில் ஒன்று. ஆனால் அந்த ஏழு பயணங்களை மட்டும் இன்றைய மிகத் திறமையான மென்பொருளுக்குக் கொடுத்தாலும், எல்லாப் பயணங்களிலும் சேதம் உண்டு என்றுதான் அது கற்றுக்கொள்ளும். எந்தப் பகுதியை மறைத்துவைத்துச் சரிபார்த்தாலும் அந்தப் பகுதியும் அதே ஏழிலிருந்துதான் வரும். தனக்குக் கொடுக்கப்படாத வரிகளை எந்த இயந்திரமும் தேடிப் போகாது. கடன் கொடுக்கப்பட்டவர்களின் தரவை மட்டும் வைத்துக் கடன் மறுக்கப்பட்டவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் மாதிரிக்கும், மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து ஊரின் நோயைக் கணிக்கும் மாதிரிக்கும் இதே ஊனம் உண்டு. தரவு பெருகப் பெருக அந்த ஊனம் தானாக நீங்காது. தவறான தேர்விலிருந்து வரும் தவறான விடை மேலும் உறுதியான தொனியில் வரும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு மாதிரியைப் பொருத்துமுன் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. கேள்வியை முழு வாக்கியமாக எழுத வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடிய எல்லா அவதானிப்புகளும், ஏதும் நடக்காதவை உட்பட, உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விடை ஆம்–இல்லையா, எண்ணிக்கையா, தொடர் அளவா என்பதற்கு ஏற்ப வடிவத்தைத் தேர வேண்டும். மாறிகளைக் காரணம் கருதிச் சேர்க்க வேண்டும். ஒரு புள்ளியை நீக்கினால் முடிவு கவிழ்கிறதா என்று சோதிக்க வேண்டும். தரவின் எல்லை எங்கே முடிகிறது என்பதை விடையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இவற்றில் எதற்கும் உயர்கணிதம் தேவையில்லை. பொறுமையும், எதிரே அமர்ந்திருப்பவரின் சௌகரியத்துக்காகக் கேள்வியைச் சுருக்காத நேர்மையும் போதும். 1988 செப்டம்பரில் விண்ணோடங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, இணைப்புகளில் மூன்றாவது வளையம் சேர்ந்திருந்தது, குளிரைத் தடுக்கச் சூடேற்றிகளும் பொருத்தப்பட்டிருந்தன. வெப்பநிலைக்குப் பங்குண்டு என்பதை உலோகத்திலும் மின்கம்பியிலும் ஒப்புக்கொள்ள ஏழு உயிர்கள் போக வேண்டியிருந்தது. அதே உண்மையை ஒரு தாளில் 23 வரிகளாக எழுதி, ஒன்றையும் விடாமல் எண்ணியே ஒப்புக்கொண்டிருக்க முடியும். தரவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் அந்த எண்ணிக்கை ஒரு கடமை.